நெற்றிக் கோடு

டாக்டரம்மா என்னை முறைக்கச் சொன்னார். "நல்லா முறைங்க. வீட்ல அவரை முறைக்கிற மாதிரி." கையில் ஓர் ஊதாப் பேனாவை மூடி கழற்றித் தயாராக வைத்திருந்தார். 'அவர்' என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முறைத்தேன். புருவங்களுக்கு நடுவே விழுந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று டாக்டரம்மா புள்ளி வைத்தார். புருவத்தைத் தூக்கச் சொல்லி நெற்றியில், பல்லைக் கடிக்கச் சொல்லிக் காதோரப் பொட்டில், குனியச் சொல்லிப் பிடரியில், கழுத்தில், தோளில் என்று புள்ளிகள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு அத்தனை புள்ளியிலும் ஊசி. ஒவ்வொன்றுக்கும் "சின்னதா ஒரு கொசுக்கடி" என்றார். நாலைந்து கொசுவுக்குப் பிறகு அவருக்கே அலுத்துவிட்டது போல, பேசாமல் குத்தினார்.

சுருக்கம் தெரியாமல் இருக்க நடிகைகள் போட்டுக்கொள்கிறார்களே, அதே மருந்துதானாம். சதையைத் தளர்த்தி அசையாமல் செய்யும், ஓயாத தலைவலிக்காரர்களில் சிலருக்கு வலியும் குறையும், முதல் தடவையே கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். கிளம்பும்போது என் வீட்டுக்காரரிடம், "இனிமே இவங்களுக்கு உங்களை முறைக்க வராது, ஜாலியா இருங்க" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயமாகத்தான் அன்றைக்கு இருந்தது.

தலைவலி எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. கல்யாணம் ஆகி வரும்போது கூடவே கூட்டிக்கொண்டு வந்தேன். வலது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் எனக்கு இங்கே குடல் வெளியே வரும். பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக வேலை பார்த்தேன். வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் மேல் அடிக்கிற விளக்கு இருக்கிறதே, அந்த விளக்கும், பல்லைக் குடைகிற மெஷினும் என்னைத்தான் குடைந்தன. கடைவாய்ப் பல்தான் காரணம் என்று அவரே காசு வாங்காமல் ஒரு பல்லைப் பிடுங்கினார். பல் போனது, வலி இருந்தது, கொஞ்ச நாளில் வேலையும் போனது. கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். மூக்கு டாக்டர் மூக்கைக் கழுவிவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள்: காபியை விடு, காபியைக் கெட்டியாகக் குடி, தலையணையை மாற்று, வேளைக்குச் சாப்பிடு, எதையும் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கடைசியாகச் சொன்னதைச் சொல்லாத ஆளே கிடையாது.

வலி வராமல் தடுக்க என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊறியது, சோடா குடித்தால் நாக்குக்கு வெறும் தண்ணீராக இருந்தது, வாயில் வார்த்தை வரவில்லை. "அந்த இது, தண்ணி குடிக்கிறது, அதை எடு" என்று மகளிடம் கேட்பேன். டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு மாதிரி பார்ப்பாள். வேறு மாத்திரை கொடுத்தார்கள்; அதில் வார்த்தை வந்தது, ஆனால் பேசுவதற்கு முன் தூங்கிப்போனேன். இதற்கெல்லாம் நடுவில், வலி வந்தால் போடுகிற மாத்திரை வீடு முழுக்கக் கிடந்தது. கைப்பையில், தலையணைக்கு அடியில், உப்பு ஜாடிக்குப் பின்னால், காரில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற டப்பாவில். இந்த டாக்டரம்மாதான் முதல் நாளே சொன்னார், வலிக்குப் போடுகிற மாத்திரையே வலியைக் கொண்டுவருகிறது, முதலில் அதை நிறுத்த வேண்டும் என்று. நிறுத்தினேன். அந்த வாரங்களைப் பற்றி எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. இருட்டு அறை, ஒரு பிளாஸ்டிக் வாளி, நெற்றியில் ஈரத்துணி. ஓட்டுநர் பள்ளி நடத்துகிற என் வீட்டுக்காரர் அந்த வாரங்களில் ஒருநாள் மட்டும் வேறு ஊரில் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறேன் என்று கிளம்பினார். மகள் லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வீட்டில் என் புருவத்துக்கு நடுவில் விழுகிற கோட்டுக்கு ஒரு பதவி உண்டு. மகள் சின்னவளாக இருக்கும்போது கண்டுபிடித்தது. காலையில் எட்டிப் பார்த்துவிட்டு, "கோடு போட்டாச்சு" என்று அப்பாவிடம் போய் கிசுகிசுப்பாள். அவ்வளவுதான். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், தட்டை ஓசைப்படாமல் வைப்பார்கள், டிவியில் வாய் மட்டும் அசையும். கோடு இருக்கிற நாளில் யாரும் எனக்கு எதையும் சொல்லக் கூடாது, கேட்கக் கூடாது. குறிப்பாகக் கெட்ட செய்தி. அவள் பரீட்சையில் தோற்றதை நான் அடுத்த பரீட்சையில் அவள் பாஸான பிறகு தெரிந்துகொண்டேன். தண்ணீர் மோட்டார் புகைந்தது, ஓட்டுநர் பள்ளியின் பழைய காரை எவனோ இடித்தது, எல்லாமே எனக்கு ஆறிப்போய்த்தான் வரும். போன் திரை வெளிச்சமும் எனக்கு ஆகாது என்பதால் போனும் அவரிடம்தான். சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் அவர்தான் பேசுவார். நல்லவர்கள்தான், என்ன குறை சொல்வது. இரண்டு பேரும் எனக்காகவே வாயை மூடிக்கொண்டு வாழப் பழகியவர்கள்.

ஒரே ஒருவனுக்குத்தான் அந்தக் கோடு கண்ணில் பட்டதே இல்லை. என் அண்ணன். பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். எங்கள் குடும்பத்தில் அவனுக்குப் பெயரே மைக். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் சாப்பிட வந்திருந்தான். நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். கூடத்தில் இருந்து அவன் குரல் கதவைத் தாண்டி வந்தது: "தலைவலியாம் தலைவலி. ஆள் வந்தா மட்டும் வர்ற தலைவலி. சின்ன வயசுலயும் பாத்திரம் கழுவுற நேரத்துக்குக் கரெக்டா வரும்." எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிப்பும் கேட்டது. மரியாதைக்குச் சிரித்தேன் என்று பிறகு சொன்னார். அன்றைக்கு விட்டதுதான், அண்ணனோடு நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பேன். பள்ளிக்கூடத்தில் முதல் முதலாக எனக்கு வலி வந்தபோது, சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, ஒரு கையில் ஹேண்டில்பாரும் ஒரு கையில் என் பையுமாக வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன். வழியெல்லாம் அவன் சட்டைக் கையில் வாந்தி எடுத்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவனுக்குத் தெரியும். தெரிந்தவன் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இரண்டாவது தடவை ஊசி போட்ட பிறகுதான் மருந்து கேட்டது. ஒருநாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், இந்த வாரம் ஒருநாள்கூட நான் வலியில் படுக்கவில்லையே என்று உறைத்தது. சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். அது என்னவோ வரவில்லை. பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த மெஷினை யாரோ நிறுத்திவிட்டது போல ஒரு வெறுமை. நெற்றி என்னுடையதாகவே இல்லை. தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, மற்றபடி அது பாட்டுக்கு இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் இஸ்திரி போட்டது போல வழவழவென்று ஒரு முகம். கோடு போன இடம் தெரியவில்லை. வலி முழுக்கப் போகவில்லை, மாதத்தில் சில நாள் வரும். ஆனால் வந்தாலும் வராவிட்டாலும் முகம் ஒன்றுதான்.

இதில் திண்டாடிப் போனவர் அவர்தான். காலையில் காபி டம்ளரோடு வந்து என் நெற்றியைப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. மின்சாரம் போய் சிக்னல் அணைந்த நாற்சந்தியில் நிற்கிற ஆள் மாதிரி, போகலாமா நிற்கலாமா என்று நிற்பார். கடைசியில், "இன்னிக்கு எப்படி?" என்று வாயைத் திறந்து கேட்க வேண்டியதாகிவிட்டது. கல்யாணம் ஆன நாளில் இருந்து அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்டு எனக்கு ஞாபகம் இல்லை. ஒருநாள் பாவமாக இருந்தது. சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். கோடு விழுந்த நாளெல்லாம் எனக்கு வலி இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதி நாள் சும்மா எதையாவது யோசித்துக்கொண்டு இருந்திருப்பேன், இல்லையென்றால் வெயில் கண்ணில் அடித்திருக்கும், இல்லையென்றால் உங்கள் மேல் கோபமாக இருந்திருப்பேன். நீங்கள் எல்லாம் பூனை மாதிரி நடக்க ஆரம்பித்ததும், சரி, கிடைத்த அமைதியை விடுவானேன் என்று நானும் படுத்துவிடுவேன். இதைக் கேட்டு அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு, வகுப்புக்கு நேரமாயிற்று என்று காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நாட்களில்தான். சும்மா போவதில்லை. நானே கார் ஓட்டிக்கொண்டு போய், அவன் வாசலில் நிறுத்தி, ஹாரன் அடிக்க வேண்டும். வெளியே வருவான். "தலைவலி விட்டுடுச்சு, பாத்திரம் கழுவ வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கு அவன் என்ன சொல்வான் என்று பலவிதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். எப்படி யோசித்தாலும் கடைசியில் அந்தப் பெரிய குரலில் சிரித்துவிடுகிறான். வீட்டுக்காரரிடம் சொன்னேன், எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுங்கள் என்று. ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக் கொடுத்தவர், கட்டினவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. கண் கூசினால் எங்கே போய் இடிப்பேனோ என்ற பயம். இப்போது அந்தச் சாக்கு இல்லை. எங்கே போக என்று கேட்டார். அண்ணனைப் பார்க்க என்றேன். முதலில் கற்றுக்கொள், பார்க்கலாம் என்றார்.

ஓட்டுநர் பள்ளிக் காரில் சொல்லிக் கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர்கள் எசகுபிசகாகப் போனால் அவர் அதை மிதிப்பார். என் விஷயத்தில் அவர் கால் அதன் மேலேயே இருந்தது. நான் சீக்கிரமே ஓட்டினேன், பொய் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறவர்களையெல்லாம் ஒரே மாதத்தில் டெஸ்ட்டுக்கு அனுப்புகிறவர், என்னிடம் மட்டும் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். ரிவர்ஸ் இன்னும் சரியா வரல. கிளட்சை டக்குனு விடற. கண்ணாடி பாக்க மறந்துட்ட. எனக்கு எரிச்சல் வந்தது, முறைக்கப் பார்த்தேன், முகம் ஒத்துழைக்கவில்லை. மகள் அவர் போனில் கூப்பிடும்போது வாங்கி அவளிடம் புகார் சொல்வேன். உங்கப்பா என்னை விடவே மாட்டேங்கிறார், அண்ணன் வீட்டுக்கு நான் எப்போதான் போறது என்று. அவள் உடனே பேச்சை மாற்றிவிடுவாள். சாப்டீங்களா, ஊசி போடற தேதி எப்போ என்று கேட்பாள். வேலையில் அலுப்பு போல என்று விட்டுவிடுவேன்.

கடைசியில் டெஸ்ட்டுக்குப் போனேன். ரிவர்ஸில் ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை. லைசென்ஸ் வந்தது. அதில் இருக்கிற போட்டோவில் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு நிம்மதியான நெற்றி. மறுநாள் காலையில் வகுப்பு எதுவும் இல்லை. ஒரு சுற்று போய்வரலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். கிளம்பும் முன் கைப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில், மாற்றுப் புடவை ஒன்று, டாக்டரம்மா அவசரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்ன ஒரே ஒரு மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தேன். அவர் பையைப் பார்த்தார்.

வழக்கமாகத் திரும்புகிற பெட்ரோல் பங்க்கில் நான் திரும்பவில்லை. பெரிய ரோட்டில் ஏறினேன். காலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. முன்னால் என்றால் அந்த வெளிச்சத்திலேயே வாந்தி எடுத்திருப்பேன். இப்போது வெறும் வெயில். "எங்க போற?" என்றார். "நேரா போனா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்ல?" என்றேன். மூன்றாவது கியர் போட்டேன், நாலாவது போட்டேன். முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை, ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.

கார் குலுங்கி நின்றது. என் கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. இன்ஜின் திணறி அணைந்துவிட்டது. அவர் கால் அந்த இன்னொரு பிரேக்கில், முழுதாக அழுத்திக்கொண்டு இருந்தது.

"எதுக்கு மிதிச்சீங்க? யாருமே இல்லையே."

அவர் முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார், "உங்க அண்ணன் இல்லம்மா."

எனக்குப் புரிந்தது. புரியாதது போல இருக்கவும் முடியவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த ஒழுங்கில் எல்லாவற்றையும் செய்தேன். நியூட்ரலில் போட்டேன், சாவியைத் திருப்பினேன், கண்ணாடி பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன், ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். இண்டிகேட்டரை அணைக்க மட்டும் மறந்துவிட்டேன். கிளட்சை டக்கென்று விடவில்லை, அதை நானே கவனித்தேன்.

எப்போது என்று கேட்டேன். நான் மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் கிடந்த வாரங்களில் என்றார். டெஸ்ட்டுக்கு ஆள் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் போனது அங்கேதான். மகளை வரச் சொன்னதும் அதற்குத்தான். எப்படி என்று கேட்டேன். காலையில் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்தானாம். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்களாம். அவன் கத்தக்கூட இல்லையாம், மெதுவாகத்தான் சொன்னானாம்.

"அதை உன்கிட்ட எப்படிச் சொல்றது. வலி வரும்போதெல்லாம் நீ பயந்துடுவ. கோடு இல்லாத நாளாப் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன். தினமும் பாத்துட்டுதான் இருந்தேன். அப்புறம் ஊசி போட்டு, கோடே இல்லாம போச்சு. எந்த நாள்னு எனக்குத் தெரியல."

ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது, கார் லேசாக ஆடியது. எனக்கு அழுகை வந்ததா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. கன்னத்தில் ஈரம் இருந்தது. மேலே, நெற்றியில், ஒன்றும் நடக்கவில்லை. நான் ஒரு விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். அண்ணி இருந்திருப்பாள். தங்கை மட்டும் இல்லை.

"நான் ஏன் வரலன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அவர் காலை அந்தப் பிரேக்கில் இருந்து எடுத்தார். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"தலைவலின்னு சொன்னேன்."

நான் கையை நீட்டி நடுக்கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன். அதில் என் முகம் இருந்தது. ஒரு குறையும் இல்லாத, நல்லா தூங்கி எழுந்த முகம். டாக்டரம்மா சொன்னது போல முறைத்துப் பார்த்தேன். பல்லைக் கடித்தேன். கண்ணில் இருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே எதுவும் அசையவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் புருவங்களுக்கு நடுவில் வைத்து, அந்த வழவழப்பான தோலைச் சேர்த்துக் கிள்ளிப் பிடித்தேன். கோடு விழுந்தது. பழைய இடத்திலேயே, பழைய ஆழத்திலேயே.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். என் கைப்பையை எடுத்துச் சத்தமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். விரலை எடுத்தால் கோடு போய்விடும். நான் எடுக்கவில்லை. இண்டிகேட்டர் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.